ஆளில்லாத வீட்டின் வாசல்

எங்கள் வீட்டில் பேய் இருக்கிறது என்று ஆரணியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தெரிந்துதான் வாங்கினேன். பேய் இல்லாத வீட்டை எனக்கு யார் கொடுத்தார்கள்?

என் பெயர் தருமன். அரசு பஸ்ஸில் கண்டக்டர். ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர், மறுபடி அதே வழியில் ஆரணி. பிறந்தது தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். அப்பா பண்ணையாள். நாங்கள் இருந்த குடிசையின் மண்ணும் பண்ணைக்காரருடையது. ஒரு ஐப்பசி மாதத்தில் அப்பா கூலி விஷயமாக எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டார். மறுநாள் விடிந்தபோது பண்ணை வீட்டு ஆட்கள் வந்து எங்கள் கூரையைப் பிரித்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. ஓலைகளை அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு மழையில் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். எவனும் வந்து எழுந்து போ என்று சொல்ல முடியாத நாலு சுவர் வேண்டும்.

வேலை கிடைத்து, பச்சையம்மாளைக் கட்டிக்கொண்டு, மகள் மலர்க்கொடி பிறந்த கையோடு ஆரணியில் வீடு தேட ஆரம்பித்தேன். எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த வருஷம். விற்பனைக்கு என்று போர்டு மாட்டிய வீடுகளெல்லாம் நான் போய் நின்றதும் மச்சானுக்கும் மாமனுக்கும் பேசி முடிந்தவையாக மாறிவிடும். "நீங்க எந்தப் பக்கம்?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். பதில் சொன்னதும் காப்பி டம்ளர் கூட வழியிலேயே திரும்பி அடுப்படிக்குப் போய்விடும். கேட்பவனுக்கு வெட்கம் இல்லை, எனக்குத்தான் முகம் சுருங்கும்.

கடைசியில் பலராமன் என்ற வீட்டுத் தரகர் வந்தார். காதில் கடுக்கன், வாயில் வெற்றிலை, பேச்சில் எண்ணெய்.

"கண்டக்டரே, ஒரு வூடு கீது. நெசவுக்காரத் தெருவுல. ஓடு போட்ட கெட்டி வூடு. ஆனா அதுல ஒரு சமாச்சாரம் கீது."

"இன்னா சமாச்சாரம்?"

"சிவப்பிரகாசம்னு வேலூர்ல இரும்புக் கடைக்காரரு. வாங்கிப் போட்டுட்டு ஒரு நாள் கூட தங்காம பூட்டி வெச்சிகினு கீறாரு. மத்தியானத்துல உள்ளேருந்து வாய்ப்பாடு சொல்ற சத்தம் கேக்குமாம். ஒரு பொம்பள முன்னாடி சொல்லுவா, பசங்க கூட்டமா பின்னாடி சொல்லுங்களாம். வெளிய பூட்டு தொங்கிகினு இருக்கும்."

நான் சிரித்துவிட்டேன். "பேய் வாய்ப்பாடு சொன்னா நல்லதுதானே. எங்க வம்சத்துல யாராவது கணக்கு கத்துக்கட்டும்."

அந்தப் பேய்க்கு நான் மனசுக்குள் கும்பிடு கூடப் போட்டேன். அது மட்டும் இல்லாவிட்டால் எங்களை அந்தத் தெரு முனையிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

அது இரட்டை வீட்டில் ஒரு பாதி. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் மாணிக்கவேல், பத்துத் தறிக்கு மேல் ஓட்டும் பட்டு முதலாளி. இந்தப் பக்கம் நாங்கள். முன் அறையில் பழைய தறிக்குழி ஒன்று மூடாமல் கிடந்தது, நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்காரும் குழி. தறியைக் கழற்றிக்கொண்டு போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. பச்சையம்மாள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல யாரோ உக்காந்துகினு இருந்த மாதிரியே கீதுய்யா" என்றாள். குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். வீடு குளிர்ச்சியாக இருந்தது. சித்திரை மாதத்தில் அவ்வளவு குளிர்ச்சி நல்லதா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாள் பொழுது விடிய, முதல் டிரிப்புக்குப் போகக் கதவைத் திறந்தேன். வாசலில் இடுப்பு உயரத்துக்குச் சிவப்புப் பட்டு நூல் நீண்டு கிடந்தது.

அந்தத் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீள வாட்டில் ஓடும் நூல் முழுவதையும் தெரு நெடுக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, நாலைந்து பேராக நின்று அறுந்த இழையைச் சேர்ப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துச் சுருட்டிவிட வேண்டும். ஆள் குடியிருக்கும் வீடென்றால் வாசலில் போக வர இடம் விட்டு நடுத்தெருவில் நீட்டுவார்கள். பூட்டிக் கிடக்கும் வீடென்றால் அந்தக் கவலை இல்லை, வாசற்படியை ஒட்டியே, நூலைத் தாங்கும் கவைக்கழியை ஊன்றிக் கொள்வார்கள். எங்கள் படிக்கட்டின் இரண்டு பக்கமும் கவைக்கழி நின்றது.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

மாணிக்கவேல் கைக்கு எட்டும் தூரத்தில் நின்று இழை சேர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார் என்று சொல்ல முடியாது, என் முகம் இருந்த இடத்தைப் பார்த்தார். என் வழியாக உள்ளே இருட்டு அறையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "இந்தப் பூட்டின வூட்டு வாசல்ல காத்து ஜாஸ்தி, நூலு ஆடுது" என்றார். அவ்வளவுதான்.

நான் என்னையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

நூலைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் கை பட்டால் அந்தப் பாவையே கழித்துவிடுவார்கள், பழி முழுக்க நம் தலையில் விழும் என்று பலராமன் முன்னாலேயே காதில் போட்டு வைத்திருந்தார். அதனால் பின்பக்கமாகப் போனேன். பின்பக்கம் என்பது கக்கூஸ் சந்து. மலம் அள்ளுகிறவர்கள் வந்து போவதற்கென்று விட்ட வழி. சொந்த வீட்டுக்காரனாக ஆரணியில் என் முதல் காலை அந்தச் சந்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடிந்தது. அதற்குப் பின் எல்லாக் காலையும் அப்படியேதான்.

வேடிக்கை என்னவென்றால் பஸ்ஸில் மாணிக்கவேல் வேறு ஆள். "கண்டக்டரே, கண்ணமங்கலம் ஒண்ணு" என்பார். சில்லறை வாங்கிக்கொள்வார். ஒரு நாள் வெயிலைப் பற்றிக் கூடப் பேசினார். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் எதிரே வந்தவரைப் பார்த்து ஆசையாகச் சிரித்தேன். அவர் என்னைத் தாண்டிப் போனார், கரண்டு கம்பத்தைத் தாண்டுவது மாதிரி. அவர் மட்டுமில்லை. தயிர்க்காரி எங்கள் வாசலுக்கு முந்தின வீடு வரை கூவுவாள், எங்களைத் தாண்டி மறுபடி கூவ ஆரம்பிப்பாள். மீட்டர் பார்க்க வந்தவரிடம் பக்கத்து வீட்டில், "அங்க ஆள் இல்லீங்க" என்று சொல்வார்கள், அவரும் திரும்பிப் போய்விடுவார். நான் பின்னால் ஓடிப்போய்க் கூட்டிவர வேண்டும். யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கும் வாய் இருக்கிறது. இல்லாத ஆளிடம் யார் சண்டை போடுவார்கள்?

மலர்க்கொடிக்கு ஒரு தடவை கடுமையான காய்ச்சல். மத்தியானம் முழுக்க அழுதது. அன்றைக்கு மாணிக்கவேல் வீட்டுக்கு வெளியூரிலிருந்து ஒரு சொந்தக்காரி வந்திருந்தாள். எங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று மாணிக்கவேலின் சம்சாரம் அவளிடம் மெல்லச் சொல்வது உள்ளே கேட்டது.

"இந்த வூட்ல யாருமே இல்லடி. ஆனா கொழந்த அழுவுற சத்தம் கேக்குது பாரு. மத்தியானம் ஆனா இப்படித்தான்."

"அய்யய்யோ, வா உள்ள போலாம்" என்றாள் வந்தவள்.

பச்சையம்மாள் அழுகிற குழந்தையின் வாயைப் பொத்தினாள். நான் டியூட்டி முடிந்து வந்தபோது சொன்னாள். "நான் ஏன்யா வாயப் பொத்தினேன்? நம்ம கொழந்ததான, நம்ம வூடுதான?" என்று கேட்டாள். சுவரை ஓங்கி ஒரு குத்து விட்டேன். அந்தப் பக்கம் பாத்திரம் விழும் சத்தமும், யாரோ சாமி பேர் சொல்வதும் கேட்டன. அன்றைக்கு ஒரு புதுப் பேய்க்கதை கிளம்பியிருக்கும்.

அதற்குப் பிறகு பச்சையம்மாள் மாறினாள். நடந்தால் கொலுசு சத்தம் கேட்கக் கூடாதென்று கழற்றி வைத்தாள். அம்மியில் அரைப்பதை நிறுத்திவிட்டுக் கையால் கசக்கினாள். காலனியில் அவள் சிரித்தால் ஏரிக்கரை வரை கேட்கும். இங்கே அவள் இருமுவதற்குக் கூடப் புடவைத் தலைப்பைத் தேடினாள். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் அந்தத் தறிக்குழியோடு பேச ஆரம்பித்தாள்.

எங்கள் பக்கத்தில் பூவாடைக்காரி என்று கும்பிடுவோம். குடும்பத்தில் செத்துப்போன பெண்ணைச் சாமியாக நினைத்து, சொம்பில் தண்ணீர் வைத்து, புதுப் புடவை படைத்து, பூச்சூட்டுவது. அந்தப் புடவை அடுத்த வருஷம் வரை பெட்டியில் இருக்கும். சொந்த ரத்தத்துக்குத்தான் செய்வது வழக்கம். பச்சையம்மாள் அந்த வீட்டுப் பேய்க்குச் செய்தாள். தறிக்குழிக்குள் விளக்கேற்றி, பக்கத்தில் ஒரு மஞ்சள் புடவையை மடித்து வைத்தாள்.

"எவளோ ஒரு நெசவுக்காரி. அவளுக்குப் போய் நீ எதுக்குடி படைக்கிற?" என்றேன்.

"தா பாருய்யா. இந்தத் தெருவுல நம்ம கூட இருக்கறது அவ ஒருத்திதான். அவளுக்கும் யாரும் பதில் சொல்றதில்ல."

ஒரு தடவை எனக்கும் கேட்டது. வார விடுமுறை நாள், நல்ல உச்சி வெயில். சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தேன். ஒரு பெண் குரல் இழுத்துச் சொல்ல, நிறையப் பிள்ளைக் குரல்கள் அதையே திரும்பச் சொல்லின. என்ன எண் என்று புரியவில்லை, ராகம் மட்டும் புரிந்தது. மிஷன் ஸ்கூல் சத்தம் காற்றில் வந்திருக்கும் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பச்சையம்மாள் தறிக்குழி ஓரத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து, ரேடியோ கேட்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வருஷங்கள் போயின. மாணிக்கவேல் அவர் பாதியை நெசவாளர் சொசைட்டியில் அடமானம் வைத்துத் தறிகளைப் பெருக்கினார். அதே வீட்டை வைத்து மகனை இன்ஜினியரிங் சேர்த்தார். அதே செங்கல், அதே ஓடு, அதே சுவரின் இந்தப் பக்கத்தை அடமானம் வைக்க நான் போனபோது, இடத்தைப் பார்க்க வந்தவர் தெருவில் இரண்டு பேரிடம் பேசிவிட்டு வாசலோடு திரும்பிப் போனார். "அந்த வீட்டுக்கு மதிப்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாலு சுவர் இருந்தால் போதும் என்று நினைத்தவன் நான். அந்தச் சுவர் அவருக்குக் குட்டி போடுகிறது, எனக்கு மட்டும் மலடாக நிற்கிறதே.

அப்போதும் விற்க நினைக்கவில்லை. என்னை விற்க வைத்தது மலர்க்கொடி.

எட்டு வயசு அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் அவளோடு ஓடி விளையாடும் பிள்ளைகள் தெருவுக்குள் நுழைந்ததும் அவளைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். ஒரு நாள் காலையில் அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே பாவு நீட்டியிருந்தது. ஒரு சிறுமி நூலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மலர்க்கொடி அவளைப் பார்த்துக் கையாட்டினாள், நாக்கைத் துருத்தினாள், பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அந்தச் சிறுமி எங்கள் நிலைப்படியை வெறித்துப் பார்த்துவிட்டு, பேய் அண்டாமலிருக்க எச்சிலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

மலர்க்கொடி கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தாள். அழவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்பா, நாம எப்போ செத்தோம்?"

நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவள் அடுப்பருகே உட்கார்ந்து எனக்கு முன்னால் பதில் சொல்லத் தயாராக இருப்பது போல் வாயைத் திறந்தாள். அவளுக்கு அந்தத் தேதி தெரிந்திருக்கும் போல இருந்தது. அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட பயம் எந்தப் பேயும் கொடுத்ததில்லை. அன்றைக்கே பலராமனைக் கூப்பிட்டுவிட்டேன்.

பலராமன் வந்து வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார். "உன் வூடுன்னு சொல்லி வித்தா ஒண்ணும் தேறாது, தருமா. மண்ணு விலைக்குத்தான் போவும். நான் சொல்ற மாதிரி செய். ஜல்தியா சாமான எடுத்துகினு கண்ணமங்கலம் பக்கம் வாடகைக்குப் போயிரு. சுவத்துல மாட்டுன படத்தயெல்லாம் கழட்டு. உள்ள சுரண்டி சுண்ணாம்பு அடி. நீங்க இருந்த அடையாளமே தெரியக் கூடாது. நான் எங்க மச்சினிச்சியக் கொண்டாந்து உக்கார வெச்சி, துளசித் தொட்டி வெச்சி, வாசல்ல கோலம் போட வெக்கறேன். வெளியூர்க்காரன் வருவான், வாங்கிகினு போயிடுவான்."

"தெருவுல யாராவது சொல்லிட்டா?"

"இன்னான்னு சொல்லுவாங்க? நீதான் இங்க இல்லவே இல்லியே" என்று சிரித்தார்.

அவர் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை. மகள் கேட்ட கேள்வி காதில் இருந்தது. சரி என்றேன்.

சுரண்டுவதற்கு உட்கார்ந்தோம். மூன்று பேரும் பேசாமல் எங்களையே அந்த வீட்டிலிருந்து துடைத்தோம். பச்சையம்மாள் சாந்துப் பொட்டு ஒட்டிய இடங்களைக் கழுவினாள். நான் காலண்டர் ஆணிகளைப் பிடுங்கினேன். கடைசியாக மிஞ்சியது உள் அறைக் கதவின் நிலைக்கால். அதில் வருஷா வருஷம் மலர்க்கொடியை நிற்க வைத்து, தலை உயரத்துக்கு ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருந்தேன். தேங்காய் ஓட்டை உடைத்து அந்தக் கோடுகளைச் சுரண்டினேன். வருஷக்கணக்கான சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

கீழே மரத்தில் வேறு கோடுகள் இருந்தன.

முதலில் என் கண்ணை நம்பவில்லை. இன்னும் சுரண்டினேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப்போகும் கோடுகள். அடிக்கோட்டின் பக்கத்தில் பிள்ளைக் கையெழுத்தில் கத்தியால் செதுக்கிய ஒரு பெயர்: சத்தியராஜ். எல்லாவற்றுக்கும் மேலே சின்னதாக ஒரு சிலுவை. அந்தக் கோடுகளையும் யாரோ சுரண்டப் பார்த்திருக்கிறார்கள். மரத்தில் தேங்காய் ஓட்டின் தழும்பு அப்படியே இருந்தது. என் கையிலிருந்த ஓட்டை அந்தத் தழும்பில் வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

"நெசவுக்காரப் பேயி சிலுவ போடுமாய்யா?" என்றாள் பச்சையம்மாள்.

சாயங்காலம் சுண்ணாம்பு வாளியோடு வந்த பலராமனை நிலைக்காலுக்கு முன்னால் நிறுத்தினேன். அவர் பார்த்தார். "அட, இது இன்னும் போவலியா? டீச்சரும் இப்படித்தான் சுரண்டத் தெரியாம பேஜார் பண்ணாங்க. சுண்ணாம்பு அடிச்சாத்தான்..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"எந்த டீச்சர்?"

பலராமன் வெற்றிலைப் பெட்டியைத் தேடினார். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். என் வாழ்நாளில் முதல் தடவையாக அந்த வீட்டில் ஒருவரைப் போக விடாமல் நிறுத்தினேன்.

"சகாயம்மாள்னு மிஷன் ஸ்கூல் டீச்சரு. உங்க ஆளுங்கதான், வேதத்துல சேர்ந்தவங்க. அந்தக் காலத்துல அவங்கதான் இந்த வூட்ட வாங்குனாங்க. இப்ப வந்தவாசில கீறாங்க. போதுமா? வழி வுடு."

அடுத்த விடுமுறை நாளில் வந்தவாசி பஸ் ஏறினேன். மாதா கோயில் தெருவில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். ஒரு வாடகை அறை, கயிற்றுக் கட்டில், ஏசு படம். நரைத்த தலை, கண்ணாடி, நிமிர்ந்த முதுகு. நான் வந்த ஊரையும் தெருவையும் சொன்னதும் சகாயம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த வூட்லயா இருக்கறீங்க? பாவு இன்னும் வாசல ஒட்டித்தான் கட்டறாங்களா?"

எட்டு வருஷம் நான் யாரிடமும் சொல்ல முடியாததை அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார்.

"ஆமாங்க, டீச்சரம்மா. உள்ள பேய் வாய்ப்பாடு சொல்லுதுன்னு வேற சொல்றாங்க."

சகாயம்மாள் என்னைப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. "காலனிப் பசங்கள மத்தியானத்துல கூட்டியாந்து உக்கார வெச்சி சொல்லிக் குடுப்பேன். அந்தத் தறிக்குழியச் சுத்தித்தான் உக்காருவாங்க. தெருவுல யாராவது வெளியூர்க்காரங்க இன்னா சத்தம்னு கேட்டா, அங்க ஆளே இல்லன்னு சொல்லுவாங்க. ஆளு இல்லாம சத்தம் வந்தா அது இன்னா? அதான் பேயாயிட்டேன். அந்தப் பேயி நான்தாம்பா."

அவரும் பலராமன் சொல்படி ஏசு படத்தைக் கழற்றி, சுரண்டி, சுண்ணாம்பு அடித்துத்தான் சிவப்பிரகாசத்துக்கு விற்றிருக்கிறார். அப்படியும் வாங்கிய விலை கூட வரவில்லை. மகன் சத்தியராஜ் சென்னையில் இருக்கிறான், மூன்று பிள்ளைகள், வருஷத்துக்கு ஒரு வாடகை வீடு. "அந்த வூடு கையில இருந்திருந்தா அவனுக்கு நிக்க ஒரு இடம் இருந்திருக்கும். பயந்து வித்துட்டேன். அவன் ஒரு நாள் கேட்டான்..." என்று நிறுத்தினார்.

"நாம செத்துட்டமான்னு கேட்டானா?"

சகாயம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள் என்று நான் கூப்பிட்டதில், சனிக்கிழமை மாலை அவர் ஆரணிக்கு வந்தார். பழைய பழக்கம், நேராகக் கக்கூஸ் சந்துக்குத் திரும்பிவிட்டார். நான்தான் கையைப் பிடித்து முன்வாசலுக்கு அழைத்து வந்தேன். தெரு விளக்கு எரியவில்லை, யாரும் கவனிக்கவில்லை. பச்சையம்மாள் அவரைப் பார்த்ததும் பேச்சற்று நின்றாள். எட்டு வருஷம் விளக்கேற்றிக் கும்பிட்ட பூவாடைக்காரி வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால் யார்தான் பேசுவார்கள்? பிறகு பெட்டியைத் திறந்து மஞ்சள் புடவையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"சாமிக்குப் படைச்சத நாங்க தொடறதில்லம்மா" என்றார் சகாயம்மாள்.

"சாமிக்கு இல்லீங்க. உங்களுக்குத்தான் படைச்சேன்."

சகாயம்மாள் யோசித்தார். புடவையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தறிக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலையில மாதா கோயிலுக்குப் போவணும். மொத பூசைக்கு. முன்வாசல் வழியாப் போலாமா, தருமா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். என் வீட்டில் என்னிடம் ஒருவர் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

விடிந்தது. வெளியே கவைக்கழி ஊன்றும் சத்தமும் நூல் இழுபடும் சத்தமும் கேட்டன. சகாயம்மாள் மஞ்சள் புடவை கட்டி, கையில் வேதாகமத்தை எடுத்துக்கொண்டார். பச்சையம்மாள் கொலுசை எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தாழ்ப்பாளை நீக்கி இரண்டு கதவையும் விரியத் திறந்தேன்.

வாசலுக்கு நேரே மாணிக்கவேல் இழை சேர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்தார். வழக்கம் போலப் பார்வை எங்கள் வாசலுக்குள் வந்தது, ஆனால் இந்தத் தடவை ஊடுருவிப் போகவில்லை. சகாயம்மாளின் முகத்தில் மோதி நின்றுவிட்டது. அவர் விரலிலிருந்த இழை அறுந்தது.

அவர் சம்சாரம் அலறினாள். நூலைப் பிடித்திருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் விலக, பாவு முழுக்கத் தொய்ந்து மண்ணைத் தொட்டது. தெரு முழுக்க ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். யாரும் எங்களைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"டீச்சர்..." என்றார் மாணிக்கவேல். குரல் காற்றாக வந்தது.

ஆக, அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவருக்கு அந்த முகம் தெரியும், பேர் தெரியும். டீச்சர் காலத்திலும் சரி, எங்கள் காலத்திலும் சரி, அந்த வீட்டில் ஆள் இருந்தது என்று தெரியும்.

"நல்லா இருக்கியா, மாணிக்கவேலு? வழி வுடு. கோயிலுக்கு நேரமாவுது" என்றார் சகாயம்மாள், வகுப்பில் பிள்ளையிடம் பேசும் குரலில்.

மாணிக்கவேல் குனிந்து தன் கையாலேயே பாவைத் தூக்கிப் பிடித்தார். சிவப்பு நூல் முழுக்க ஆடியது. சகாயம்மாள் தலை குனிந்து அதன் கீழே நுழைந்து தெருவுக்குப் போனார். மலர்க்கொடி அவர் பின்னால் ஓடினாள். நான் போனேன். கடைசியாகப் பச்சையம்மாள், கொலுசு ஒலிக்க, அவசரமே இல்லாமல் படியிறங்கினாள்.

மாணிக்கவேல் பாவைத் தூக்கிப் பிடித்தபடியே எங்கள் திறந்த வாசலைப் பார்த்தார்.

"உள்ள... இன்னும் யாரு கீறாங்க?"

தெருவில் நின்று எங்களிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. பச்சையம்மாள் நின்று அவரை நேராகப் பார்த்தாள்.

"இப்போ யாரும் இல்லீங்க. எல்லாரும் வெளிய வந்துட்டோம்."

கதவைப் பூட்டாமலே கோயிலுக்குப் போனோம்.